அவர் இல்லாத நேரம்

அவர் யாருக்கும் கெடுதல் செய்து நான் பார்த்ததில்லை. கெடுதல் நடக்கிற நேரத்தில் அவர் எப்போதும் வேறெங்காவது இருப்பார். கோயிலில், கல்யாணப் பந்தியில், பல் டாக்டரிடம், சம்பந்தி வீட்டில். விடுமுறை முடிந்து விபூதி நெற்றியோடு வந்து உட்கார்ந்து, நடந்ததைக் கேட்டுக்கொண்டு, "அப்படீங்களா, நான் அப்ப இங்க இல்லவே இல்லீங்களே" என்பார். அது பொய்யும் இல்லை. அதனால்தான் எனக்கு அவரிடம் பயம்.

கோயமுத்தூரில் ஒரு நூற்பாலைக் குழுமத்தின் தலைமை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு மேலே இருந்தவர் அவர். மதுக்கரைப் பக்கம் ஒன்று, அந்தியூர்ப் பக்கம் ஒன்று, பெருந்துறைப் பக்கம் ஒன்று என்று குழுமத்துக்கு ஆலைகள் இருந்தன. ஒவ்வோர் ஆலையிலிருந்தும் அன்றாடம் ஆட்களின் வருகை, ஓடிய நூல், ஏற்றிய சரக்கு என்று எல்லாம் கோப்புகளாக எங்கள் சர்வருக்கு வரும். அங்கிருந்து சம்பளப் பிரிவுக்கும் வங்கிக்கும் முதலாளிகளுக்கும் போகும். வாங்குவதும் அனுப்புவதும் மட்டுமே அந்தச் சர்வரின் வேலை. எது எப்போது வரலாம், எது எப்போது போக வேண்டும், கதவை எப்போது அடைக்க வேண்டும் என்று முன்கூட்டியே நேரம் குறித்து வைத்துவிட்டால் மற்றதை அதுவே செய்துகொள்ளும். நேரம் குறிக்கிறவர் அவர்.

மெலிந்த உடம்பு. மடிப்புக் கலையாத வெள்ளை அரைக்கைச் சட்டை. குரல் எப்போதும் ஒரே அளவில் இருக்கும், ஏசியின் சத்தத்துக்கு மேலே ஏறாது. "இப்பவே பண்ணு" என்று முதலாளியே நேரில் வந்து நின்று சொன்னாலும் பண்ண மாட்டார். "நேரம் போட்டு உட்டர்றனுங்க, அது பாத்துக்கும்" என்பார். முதலாளி போன பிறகு போடுவார். அந்த நேரம் வருகிறபோது அவருடைய நாற்காலி காலியாக இருக்கும்.

சேர்ந்த முதல் நாள் என்னிடம் கேட்டார்: "ஊரு எதுங்க அம்மணி?"

"பெருந்துறைக்குப் பக்கமுங்க சார்."

"ஊருக்குள்ளீங்களா, தள்ளிங்களா?"

"சர்ச்சுக்குப் பக்கத்துலீங்க."

"அப்படீங்களா" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை, தேவையானது கிடைத்துவிட்டது. எனக்கு அந்தக் கேள்வி புதிதில்லை. என் அப்பா உயிரோடு இருந்தவரை கைநாட்டு வைத்தவர், அம்மா இன்றும் வைக்கிறவர். பள்ளிக்கூடம், கல்லூரி, பட்டம் எல்லாம் எங்கள் வீட்டில் என்னிடமிருந்துதான் ஆரம்பம். யார் எதைக் கேட்டாலும் நேராகப் பார்த்துப் பதில் சொல்வது என்று சின்ன வயதிலேயே முடிவு செய்திருந்தேன். அவரையும் அப்படித்தான் பார்த்தேன். அவர்தான் பார்வையைத் திருப்பிக் காலண்டரைப் பார்த்தார்.

சர்வர் அறையின் கண்ணாடிக் கதவில் ஒரு தினசரிக் காலண்டர் தொங்கியது. சர்வரைப் பராமரிப்புக்காக நிறுத்த வேண்டுமென்றால் முதலில் அதைத்தான் பார்ப்பார். ராகு காலத்தைக்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். குளிகையென்றால் மட்டும் பயம். குளிகை நேரத்தில் செய்தது திரும்பத் திரும்ப நடக்கும் என்பார்கள். நல்லது செய்யலாம், எதையும் நிறுத்தக் கூடாது. அவர் இருந்தவரை எங்கள் சர்வர் குளிகையில் நின்றதே இல்லை.

"உங்களுக்கு இதுல நம்பிக்க இருக்காதுங்க" என்றார் ஒருமுறை.

"எங்கூட்டுக் காலண்டர்ல பைபிள் வசனந்தானுங்க சார் போட்டிருக்கும்."

"சேரிங்க. ஆனா சர்வரு எந்தச் சாமியக் கும்புடுதுன்னு நமக்குத் தெரியாதுங்களே" என்று சொல்லிச் சிரித்தார். அவருடைய சிரிப்பு எனக்குப் பிடிக்கும். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூத்த மகளின் கல்யாணக் கதையை ஒரு மதியச் சாப்பாட்டின்போது அவரே சொன்னார். "நாங்க மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்துட்டுத்தானுங்க மாப்பிள்ளையே தேடுனோம். முகூர்த்தம் கெடச்சுப்போச்சு. மண்டபம் கெடைக்கோணுமில்லீங்க."

"பொண்ணு என்னங்க சொல்லுச்சு?" என்று வரவேற்பில் இருந்த அக்கா கேட்டார்.

"அழுதுச்சுன்னு ஊட்டுல சொன்னாங்க. நான் அன்னைக்குச் சமையக்காரரப் பாக்கப் போயிட்டனுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கை கழுவும்போதுதான் அந்தப் பெண் அழுததை நினைத்தேன்.

கணக்குப் பிரிவில் ஓர் அண்ணன் இருந்தார், நெடுநாளாக வேலையில் இருந்தவர். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் இவர் பேக்கரியிலிருந்து தேங்காய் பன் ஒன்று வாங்கிவந்து அண்ணன் மேசையில் வைத்தார். "சூடா இருக்குதுங்க, சாப்புடுங்க" என்று பக்கத்திலேயே உட்கார்ந்து, பையனின் படிப்பு, மனைவியின் மூட்டு வலி எல்லாவற்றையும் விசாரித்தார். அண்ணனுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. இத்தனை வருசத்தில் யாரும் என் மனைவியின் மூட்டைப் பற்றிக் கேட்டதில்லை என்று என்னிடம் சொன்னார்.

சனிக்கிழமை காலை அண்ணனின் கடவுச்சொல் செல்லவில்லை. தப்பாக அடித்துவிட்டோம் என்று நினைத்து மறுபடி அடித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி. ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாக. பிறகு இவருக்குப் போன் செய்தார். "மருதமலையில இருக்கறனுங்க, திங்கக்கெழம வந்து பாக்கறனுங்க" என்று பதில் வந்தது. மணிச் சத்தம் கேட்டது என்றார் அண்ணன், ஏதோ தரிசனமே கிடைத்தது போல. மதியம் மேலேயிருந்து வேலை நீக்கக் கடிதம் வந்தது. சர்வரிலிருந்து அண்ணனின் பெயரை எடுத்துவிடச் சொல்லி அதற்கு வெகுநாள் முன்பே நேரம் குறிக்கப்பட்டிருந்தது. பன் வாங்கிய நாளுக்கும் முன்பே.

இது ஒருமுறை மட்டும் நடந்ததில்லை. வரவேற்பு அக்கா காலையில் வருகிறவர்களைக் கேலி செய்வார்: "ஏனுங்க, உங்க மேசைக்குப் பன்னு வந்துருச்சுங்களா?" கேட்கப்பட்டவர் சிரித்துக்கொண்டே தன் மேசையை எட்டிப் பார்ப்பார்.

அவரிடம் வேலையில் இரண்டு விதிகள் இருந்தன. சர்வரைப் பராமரிப்புக்கு நிறுத்தும்போது, உள்ளே வந்துகொண்டிருக்கும் கோப்பை வெட்டக் கூடாது. அது முடித்துக்கொள்ளட்டும். ஆனால் புதிதாக எதையும் உள்ளே விடக் கூடாது. கொஞ்ச நேரத்தில் உள்ளே இருப்பவை எல்லாம் தாமாகவே முடிந்துபோகும், அப்புறம் நிறுத்துவதில் சத்தமே இருக்காது. இன்னொன்று, நிறுத்துகிற நேரத்தைக் குறிக்கும் அதே கையோடு எழுப்புகிற நேரத்தையும் குறித்துவிட வேண்டும். "படுக்கறப்பவே அலாரம் வெக்கறதில்லீங்களா, அது மாதிரி" என்பார். நானிருந்த காலத்தில் எழுப்பும் நேரம் குறிக்காமல் அவர் எதையும் நிறுத்தி நான் பார்த்ததில்லை. ஆட்களின் பெயர்களைத் தவிர.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் என் மேசையில் ஒரு தேங்காய் பன் இருந்தது.

"சாப்புடுங்க அம்மணி, சூடா இருக்குது." அவர் எதிரே உட்கார்ந்தார். "அம்மா சௌக்கியமுங்களா? பெருந்துறை ஆலையில கோன் வைண்டிங்தானுங்களே? நின்னுக்கிட்டே வேலை, காலு வலிக்குமுங்களே."

அம்மா அங்கே கூம்பில் நூல் சுற்றும் பிரிவில் வேலை செய்வது அவருக்குத் தெரியும். அப்பா போன பிறகு மஞ்சள் காட்டு வேலையை விட்டு ஆலைக்குப் போன கதையை நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தக் கால்வலியை அவர் கேட்ட விதத்தில் கணக்குப் பிரிவு அண்ணனின் மனைவியின் மூட்டு வலி நினைவுக்கு வந்தது. பன்னை எடுத்துத் தின்றேன். பயந்தேன் என்று அவர் நினைக்கக் கூடாது.

அவர் வீட்டுக்குக் கிளம்பியதும் சர்வரில் குறித்து வைத்திருந்த பணிகளைத் திறந்து என் பெயரைத் தேடினேன். இல்லை. வரும் வாரங்களில் எங்கேயும் இல்லை. மூச்சு விட்டுக்கொண்டு மூடப் போகும்போதுதான் பெருந்துறை ஆலையின் வரி கண்ணில் பட்டது. ஆயுத பூஜைக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை, அந்த ஆலையின் வருகைக் கோப்பை வாங்குவது நிறுத்தப்படும் என்றிருந்தது. அதில் ஆச்சரியமில்லை. பூஜையோடு சேர்த்துப் பராமரிப்பு விடுமுறை என்று ஆலையில் அறிவிப்பே ஒட்டியிருந்தார்கள், அம்மா சொல்லியிருந்தார். எழுப்புகிற நேரத்தைத் தேடினேன். அடுத்த வாரம் பார்த்தேன். அதற்கடுத்த வாரம். தீபாவளி தாண்டிப் பார்த்தேன். பொங்கல் தாண்டிப் பார்த்தேன். மற்ற ஆலைகள் எல்லாவற்றுக்கும் வரிசையாகப் பணிகள் இருந்தன. பெருந்துறைக்கு அந்த ஒரு நிறுத்தத்தோடு சரி, அப்புறம் ஒன்றுமே இல்லை.

மறுநாள் காலை அவர் வந்ததும் கேட்டேன். "சார், பெருந்துறைக்கு மறுபடி ஸ்டார்ட் பண்ற டாஸ்க்கக் காணோமுங்களே."

அவர் பைக்குள்ளிருந்து சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்து வைத்தார். "நான் மறந்துட்டன்னு நெனைக்கறீங்களா?"

"நீங்க மறக்க மாட்டீங்க சார்."

"அப்பறமென்னங்க."

மறுபடி ஓட்டப் போவதில்லை என்றால், ஆள் இல்லாத விடுமுறையில் ஆலையையே காலி செய்யப் போகிறார்கள். "மிஷினெல்லாம் எங்கீங்க போகுது?" என்று கேட்டேன்.

"அது எனக்குத் தெரியாதுங்க. நான் ஃபைலு வாங்கி அனுப்பறவன்." பிறகு என் பக்கம் திரும்பினார். முகத்தில் உண்மையான கரிசனம் இருந்தது. "அம்மணி, நீங்க நேத்து சாயங்காலம் பாத்தீங்கன்னு சர்வருல பதிவு உழுந்திருக்குது. பாக்காட்டியும் இன்னைக்கு நானே சொல்லலாம்னுதான் இருந்தேன். உங்கம்மாவுக்கு வேளாங்கண்ணி போகோணும்னு ஆசைன்னு சொன்னீங்களே. ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுட்டனுங்க. வியாழக்கெழம சாயங்காலம் ரயிலேறுனா, திங்கக்கெழம வந்தாப் போதும். உங்க லீவுக்கும் நானே சொல்லிக்கறேன்."

"அங்க மத்தவங்கெல்லாம் என்னங்க சார் பண்ணுவாங்க?"

"நீங்க அங்க இருக்க மாட்டீங்களே" என்றார்.

பயமுறுத்துகிற ஆளாக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் தன்னிடமிருந்த ஒரே நல்ல பொருளை எடுத்து எனக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அன்று பேருந்தில் ஊருக்குப் போனேன். அம்மா ஆலையிலிருந்து வந்து தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தார். நான் பார்த்ததைச் சொன்னேன்.

"நிறுத்தறதுக்கு நேரம் போட்டிருக்குதும்மா. மறுபடி ஓட்டறதுக்குப் போடல."

"அந்த மனுசன் மறந்திருப்பாரோ?"

"அவரு மறக்கற ஆளில்ல."

அம்மா எடுத்த பஞ்சை உருட்டி வெளியே போட்டார். "ஆறு மாசமாப் புதுசா ஒரு ஆளக்கூட எடுக்கல கண்ணு. ஹாஸ்டல் புள்ளைக ஊருக்குப் போனாப் போனதுதான், அந்த எடத்துக்கு யாரும் வாரதில்ல. வேலை கொறஞ்சுபோச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சோம்."

உள்ளே இருப்பவை தாமாகவே முடிந்துகொண்டிருந்தன. நான் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

ரயில் டிக்கெட்டைப் போனில் காட்டினேன். அம்மாவுக்கு எழுத்துப் புரியாது, ஆனாலும் வெகுநேரம் பார்த்தார். "வேளாங்கண்ணிக்கா? எனக்கா?" என்றார். பிறகு, "நல்ல மனுசந்தான்" என்றார். அதில் கேலி துளியும் இல்லை.

"போலாமாம்மா?"

"நாம திரும்பி வாரப்ப மிஷின் இருக்குமா?"

"இருக்காது."

"மிஷின் போனதுக்கப்பறம் ஆலைக் கேட்டு முன்னாடி உக்காந்து என்ன கண்ணு பண்றது. மாதா எங்க போயிரப் போறா. வெள்ளிக்கெழம வேலைக்குப் போறேன்."

"லீவும்மா அன்னைக்கு."

"அவங்களுக்கு லீவு" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கிளம்பினார். ஆலைப் பேருந்தில் ஏறும் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அந்தச் செய்தி இரண்டு நாளில் போய்ச் சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை ஆலைப் பேருந்து வரவில்லை. சரக்கு ஆட்டோக்களில் நின்றுகொண்டு போனோம். ஆலைக் கேட்டின் முன்னால் முந்தின நாள் உடைத்த பூசணிக்காய் குங்குமத்தோடு சிதறிக் கிடந்தது. வாழைக்கன்று வாடியிருந்தது. காவலாளி ஓடி வந்தார்.

"ஏனுங்கக்கா, லீவுன்னு போர்டு எழுதியிருக்குதில்லீங்க."

"எங்களுக்குப் படிக்கத் தெரியாதுங்க தம்பி" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்துக்கொண்டே உள்ளே போய், வண்டிகள் சரக்கேற்றும் மேடைக்கு முன்னால் வெயிலில் உட்கார்ந்தார்கள். சாப்பாட்டுத் தூக்குப் போசிகளை முன்னால் வைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் லாரிகள் வந்தன, காலியாக, ஒன்றன்பின் ஒன்றாக. எஞ்சினை அணைக்காமல் நின்றன. ஆலை மேலாளர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்தபடியே இருந்தார்.

அந்த லாரிகள் அன்று காலியாகவே திரும்பின. ஆலையைக் காப்பாற்றிவிட்டோம் என்று சொல்ல முடியாது. அடுத்த கோடையில் மூடினார்கள். ஆனால் சொல்லிவிட்டு மூடினார்கள், மேசை போட்டு உட்கார்ந்து பேசி, சேர வேண்டியதைக் கையில் கொடுத்து மூடினார்கள். நான் இன்று வேறோர் இடத்தில் வேலை செய்கிறேன். இதெல்லாம் பின்னால் நடந்தவை. அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி நினைக்கும்போது எனக்கு லாரிகள் நினைவுக்கு வருவதில்லை. மதியத்துக்கு மேல் அவர் வந்ததுதான் நினைவுக்கு வருகிறது.

எங்கள் சர்வர் வாங்குவதை நிறுத்திவிட்டாலும், ஆலையிலேயே இருந்த வருகைக் கோப்பில் எதிர்பாராத பெயர்கள் சேர்ந்துகொண்டிருந்தன. பெண்கள் ஒவ்வொருவராக வாசலில் இருந்த கருவியில் விரலை வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் முதலாளிகள் அவரைக் கோயிலிலிருந்து கூப்பிட்டு அனுப்பிவிட்டார்கள். ஒரு காரியம் நடந்துகொண்டிருக்கும் இடத்தில் அவர் நின்று நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். காரிலிருந்து இறங்கி எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றார். வெள்ளைச் சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் வாடியது.

"அம்மணி, நீங்க போகலீங்களா?"

"இல்லீங்க சார்."

"டிக்கெட்டு வீணாப் போச்சுங்களே" என்றார். மனதாரத்தான் வருந்தினார்.

"ஏனுங்க, நீங்க யாருங்க?" என்று ஒரு பெண் கேட்டார்.

"ஹெட் ஆபீஸ்ங்க." அவர் பெண்களின் பக்கம் திரும்பினார். கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பழைய குரல் திரும்பி வந்தது. "வெயில்ல உக்காந்திருக்கீங்க. தண்ணி கிண்ணி குடிச்சீங்களா? இங்க யாரு யாரு வந்திருக்கீங்கன்னு தெரிஞ்சா, உங்களுக்கு ஆகோணும்கறதப் பாத்துச் செய்யச் சொல்லி நானே மேல சொல்றனுங்க. பேரு மட்டும் சொல்லுங்க போதும்." சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, விரலைத் தயாராக வைத்துக்கொண்டார்.

அந்த ஆலையில் யாரும் அவர்களிடம் இப்படி மரியாதையாகப் பேசியதில்லை. சில முகங்கள் இளகின. முன் வரிசையில் இருந்த ஒருவர் வாயைத் திறந்தார்.

"அக்கா" என்றேன். "இப்பச் சொல்ற பேருக்கெல்லாம் அவரு ஒரு நேரம் குறிச்சு வெப்பாருங்க."

அவர் மறுக்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. போனைப் பார்த்தபடி காத்திருந்தார். காத்திருப்பதில் அவருக்குப் பழக்கம் உண்டு. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அம்மா எழுந்தார். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு அவருக்கு எதிரில் போய் நின்று, தன் பெயரைச் சொன்னார். தன் அப்பா பெயரைச் சொன்னார். "கோன் வைண்டிங்குங்க. தப்பில்லாம எழுதிக்குங்க" என்றார்.

அவர் எழுதிக்கொண்டார். அம்மா போய் உட்கார்ந்ததும் அடுத்தவர் எழுந்தார். பிறகு அவருக்குப் பின்னால் இருந்தவர். கொஞ்ச நேரத்தில் அது ஒரு வரிசையாகிவிட்டது. ஒவ்வொருவரும் அப்பா பெயரோடு உரக்கச் சொன்னார்கள். அவர் நிமிரவே இல்லை, விரல் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது.

நான் வரிசையின் கடைசியில் போய் நின்றேன். என் முறை வந்தபோது அவர் தலையைத் தூக்கினார்.

"உங்க பேரு இருக்குதுங்க அம்மணி" என்றார், மிகவும் மெதுவாக. "நேத்தே நேரம் போட்டாச்சு."

"இன்னொரு தடவ போட்டுக்குங்க சார்" என்று சொல்லி, என் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.